நாலு பேருக்கு மூன்று நாற்காலி

கணக்கில் தகராறு உள்ளவர்களுக்கும் புரிகிற கணக்குதான். நாலிலிருந்து மூன்றைக் கழித்தால் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் 'அந்த ஒன்று யார்?' என்று கேட்டுவிட்டால் போதும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ரெண்டு வருஷம் அடிதடி நடக்காத குறை!

விஷயம் பேஸ்பால். டாட்ஜர்ஸ் என்ற அணி. வருஷம் 2013, 2014.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், பரவாயில்லை.) ஒரு அணிக்கு களத்தில் ஒன்பது பேர். அதில் தொலைவில், புல்வெளியில் நிற்பவர்கள் மூன்று பேர். இவர்களைத்தான் அவுட்ஃபீல்டர்கள் என்கிறார்கள். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபீல்டர். அவருக்கு ஓட்டம் வேண்டும், ஏனென்றால் ஓட வேண்டிய நிலப்பரப்பு அவருக்குத்தான் அதிகம். வலது பக்கம் நிற்பவருக்குத் தோள்பட்டை வேண்டும். மூன்றாவது பேஸ் வரை பந்தை எறிய வேண்டிய தூரம் அங்கிருந்துதான் அதிகம். இடது பக்கம்? ஓட்டமும் சுமார், எறிவதும் சுமார் என்றால் அங்கே நிறுத்திவிடுவார்கள். இந்த மூன்று பேரிடமும் அணி எதிர்பார்ப்பது முக்கியமாக பேட்டிங்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு பெரிய லீக். அமெரிக்கன் லீக்கில் 1973-லிருந்தே டி.ஹெச். என்று ஓர் ஏற்பாடு உண்டு. பந்து வீசுகிற பிட்சருக்குப் பதிலாக பேட்டிங் மட்டும் செய்ய ஒரு ஆள். களத்தில் நிற்க வேண்டியதில்லை. வயசான பேட்ஸ்மேன், கால்வலிக்காரர், ஃபீல்டிங் வராதவர் எல்லோருக்கும் அது ஒரு புகலிடம். டாட்ஜர்ஸ் இருந்தது நேஷனல் லீக்கில். அங்கே அப்போது அந்த வசதி கிடையாது. பிட்சரே மட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆக நாலாவது அவுட்ஃபீல்டருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒன்று களம், இல்லையென்றால் பெஞ்ச்.

இப்போது அந்த நாலு பேர்.

முதலாமவர் மேட் கெம்ப். 2011-ல் இந்த மனிதர் ஆடியது ஆட்டமல்ல, தாண்டவம். 39 ஹோம் ரன், 126 ஆர்.பி.ஐ., 40 பேஸ் திருட்டு, சராசரி .324. அந்த வருஷம் லீக்கின் சிறந்த வீரர் விருதில் ரயன் ப்ரானுக்கு அடுத்து இரண்டாம் இடம். 2013-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் ப்ரான் தடை வாங்கியபோது, 'அந்த விருது எங்கள் கெம்புக்குச் சேர வேண்டியது' என்று டாட்ஜர்ஸ் ரசிகர்கள் பொருமியது தனிக்கதை. 2011 நவம்பரில் எட்டு வருஷத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆகஸ்டில் டென்வர் மைதானத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு போய் சுவரில் மோதினார். தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. பிறகு தொடை, பிறகு கணுக்கால்.

இரண்டாமவர் ஆந்த்ரே ஈத்தியர். 2006-லிருந்து அதே அணி. 2009-ல் கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதே வேலையாக வைத்திருந்தவர். 2011-ல் தொடர்ந்து 30 ஆட்டங்களில் ஹிட் அடித்தவர். பலவீனமும் ஊருக்கே தெரியும். இடது கை பிட்சர் வந்தால் திணறுவார். ஐந்து வருஷம், 8.5 கோடி.

மூன்றாமவர் கார்ல் க்ராஃபோர்ட். டாம்பா பே அணியில் காற்றாக ஓடியவர். பாஸ்டன் அவருக்கு ஏழு வருஷத்துக்கு 14.2 கோடி எழுதிக்கொடுத்தது. அங்கே எதுவும் சரிப்படவில்லை. 2012 ஆகஸ்டில் ஒரு பெரிய பரிமாற்றத்தில் டாட்ஜர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அப்போதுதான் முழங்கையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. எறியும் பலம் குறைவு, அதனால் இடது பக்கத்தைத் தவிர வேறெங்கும் நிறுத்த முடியாது.

நான்காமவர் யாசியெல் புயீக். கியூபாக்காரர். 2012-ல் ஏழு வருஷத்துக்கு 4.2 கோடி கொடுத்து எடுத்தபோது 'யார் இந்தப் பையன்?' என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நாலையும் கூட்டினால் 42.9 கோடி டாலர். மூன்று நாற்காலிக்கு!

2013 ஜூன் ஆரம்பத்தில் கெம்புக்கும் க்ராஃபோர்டுக்கும் ஒரே நேரத்தில் தொடைத் தசை மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் புயீக்கை மேலே கூப்பிட்டார்கள். வயசு 22. ஜூன் 3-ம் தேதி முதல் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ். வலது மூலையில் சுவருக்குப் பக்கத்தில் பந்தைப் பிடித்தார், அங்கிருந்தே முதல் பேஸுக்கு ஒரே வீச்சு, ஓடிக்கொண்டிருந்தவர் அவுட், ஆட்டம் முடிந்தது. அந்த மாதம் மட்டும் 44 ஹிட். அறிமுக மாதத்தில் இதைவிட அதிகம் அடித்தவர் 1936-ல் ஜோ டிமாஜியோ ஒருவர்தான்.

ஜூன் 21 வரை டாட்ஜர்ஸ் 30 வெற்றி, 42 தோல்வி. தேறாது என்று எல்லோரும் கைகழுவிய அணி. அடுத்த 50 ஆட்டத்தில் 42 வெற்றி! எல்லாப் புகழும் புயீக்குக்கு மட்டும் சேராது. பிட்சர்களும் வெளுத்து வாங்கினார்கள், மற்ற பேட்ஸ்மேன்களும் உடம்பு தேறி வந்தார்கள். ஆனால் ரசிகனின் கண்ணுக்கு ஒரு முகம் வேண்டும் இல்லையா? அந்த முகம் புயீக்.

அப்போது ஆரம்பித்ததுதான் இந்த விவாதம். எல்லோரும் குணமாகி வந்தால் யார் வெளியே?

கெம்ப் கட்சியின் வாதம்: "அவர் 2011-ல் செய்ததை வேறு யார் செய்தார்கள்? அணிக்காகச் சுவரில் மோதி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். தோள் சரியானால் எல்லாம் சரியாகிவிடும். பொறுமை வேண்டாமா?"

ஈத்தியர் கட்சி: "இவரைப்போல் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தவர் யார்? சென்டர் ஃபீல்டில் ஆளில்லை என்றதும், பழக்கமில்லாத இடத்தில் போய் நின்றவர் இவர்தானே?"

க்ராஃபோர்ட் கட்சி (சின்னக் கட்சிதான், ஆனாலும் கட்சி): "அக்டோபரில் பாருங்கள்." அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. 2013 ப்ளே ஆஃபில் அட்லாண்டாவுக்கு எதிரான நாலாவது ஆட்டத்தில் ஆள் இரண்டு ஹோம் ரன் அடித்தார்.

புயீக் கட்சிக்கு நீளமான வாதமே தேவைப்படவில்லை. "மேட்ச் பார்த்தீர்களா?" அவ்வளவுதான்.

இந்த நாலு வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வேடிக்கை தெரியும். நாலு பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கெம்புக்காகப் பேசுபவர் பழைய சாதனைக்குக் கூலி கேட்கிறார். ஈத்தியருக்காகப் பேசுபவர் விசுவாசத்துக்கு. க்ராஃபோர்டுக்காகப் பேசுபவர் பெரிய மேடை அனுபவத்துக்கு. (உள்ளுக்குள் 'இவ்வளவு பணத்தைக் கொடுத்துவிட்டு எப்படி உட்கார வைப்பது' என்ற நினைப்பும் உண்டு.) புயீக்குக்காகப் பேசுபவர் இன்றைய திறமைக்கு. எல்லோர் கையிலும் புள்ளிவிவரம் இருந்தது, ஆனால் சண்டை புள்ளிவிவரத்தில் இல்லை. 'ஒரு மனிதனுக்கு ஓர் இடம் எதனால் சொந்தமாகிறது?' என்பதில்தான் இருந்தது. இதற்கு எந்தக் கால்குலேட்டரும் பதில் சொல்லாது.

பேட்டிங் வரிசை விவாதத்தை இதோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். புயீக் இரண்டாவதாக வரணுமா, கெம்ப் நாலாவதா ஐந்தாவதா என்று ரசிகர்கள் ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். உண்மையில் வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால், 162 ஆட்டம் கொண்ட முழுப் பருவத்தில் குறைவது சுமார் பதினைந்து, பதினெட்டு பேட்டிங் வாய்ப்புதான். பெஞ்சுக்குப் போகிறவன் இழப்பதோ நூற்றுக்கணக்கில். வரிசை விவாதம் பொழுதுபோக்கு. பெஞ்ச் விவாதம் ஒருவனுடைய பிழைப்பு.

2013-ல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமே மேனேஜர் டான் மேட்டிங்லிக்குப் பெரிதாக வரவில்லை. ஜூலை 21-ல் கெம்ப் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே ஹோம் பேஸுக்கு ஓடும்போது கணுக்கால் மடங்கியது. மறுபடி வெளியே. பருவக் கடைசியில் வந்தார், அதே கணுக்கால் காரணமாக ப்ளே ஆஃபும் போயிற்று. 'நாலு பேரும் நலமாக இருக்கும் நாள்' என்று ரசிகர்கள் சண்டை போட்டார்களே, அந்த நாள் வருவேனா என்றது.

2014-ல் வந்தது.

ஏப்ரல் 4, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். புயீக் மைதானத்துக்குத் தாமதமாக வந்தார். மேட்டிங்லி அவரை அன்றைய அணியிலிருந்து எடுத்துவிட்டார். 'பணம் வந்ததும் திமிர் வந்துவிட்டது', 'ஒழுக்கம் இல்லை', 'பெஞ்சில் உட்கார வைத்தால்தான் புத்தி வரும்' என்றெல்லாம் பேச்சு. அதே மாதம் ஒரு லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை அவர் கியூபாவிலிருந்து வெளியேறிய கதையை வெளியிட்டது. ஆள்கடத்தும் கும்பலின் படகில் மெக்சிகோ வந்தது, அங்கே பணத்துக்காகப் பிடித்து வைக்கப்பட்டது, அமெரிக்கா வந்த பிறகும் மிரட்டல்கள் தொடர்ந்தது என்று நீளும் கதை. அதைப் படித்துவிட்டு நேரத்துக்கு வராததை நியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'திமிர்' என்று ஒரே சொல்லில் முடித்தவர்களுக்கு, தாங்கள் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. 2014-ல் டாட்ஜர்ஸ் ஆட்டங்கள் ஒரு புது கேபிள் சேனலுக்குப் போயின. மற்ற கேபிள், டிஷ் நிறுவனங்கள் அந்தச் சேனலை எடுக்க மறுத்தன. அந்தப் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் டாட்ஜர்ஸ் தெரியாது! இந்த முட்டுக்கட்டை பெருமளவு நீங்க 2020 ஆயிற்று. ஆக, அந்த வருஷம் பல ரசிகர்கள் கண்ணால் பார்க்காத ஆட்டத்தைப் பற்றித்தான் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். ரேடியோவில் வின் ஸ்கல்லியின் குரல் முதல் மூன்று இன்னிங்ஸ் வரும். அதற்கப்புறம் வேறு குரல்கள், மறுநாள் ஸ்கோர். கெம்ப் பந்துக்கு எவ்வளவு மெதுவாக ஓடுகிறார் என்பது ஸ்கோரில் வராது. அவர் அடித்த ஹோம் ரன் மட்டும் வரும்.

மே கடைசியில் மேட்டிங்லி அந்த முடிவை எடுத்தார். இரண்டு முறை தங்கக் கையுறை விருது வாங்கிய கெம்ப் இனி சென்டர் ஃபீல்டர் இல்லை. சில நாள் பெஞ்ச், பிறகு இடது பக்கம், பிறகு வலது பக்கம். காலும் கணுக்காலும் பழையபடி இல்லை, கள ஆட்டக் கணக்குகளில் அவர் பெயர் அடிமட்டத்தில் கிடந்தது. முடிவு சரிதான். ஆனால் ஒரு காலத்தில் நடுவில் ராஜாவாக நின்றவன், 29 வயசில் ஓரத்துக்கு நகர்வது எப்படி இருந்திருக்கும்? ரசிகர்களுக்கு அது ஒரு வரி. அவருக்கு?

அப்புறம் நடந்ததுதான் அழகு. பருவத்தின் இரண்டாம் பாதியில் மட்டும் கெம்ப் 17 ஹோம் ரன் அடித்தார். மொத்தம் 25. ப்ளே ஆஃபில் கார்டினல்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தை வென்று கொடுத்த ஹோம் ரன்னும் அவருடையதே.

அதே தொடரில் புயீக்குக்கு எதுவுமே மாட்டவில்லை. 12 அட்-பேட்டில் 8 ஸ்ட்ரைக் அவுட், அதில் 7 அடுத்தடுத்து. அக்டோபர் 7, நாலாவது ஆட்டம், தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மேட்டிங்லி புயீக்கை உட்கார வைத்தார். இடது பக்கம் க்ராஃபோர்ட், நடுவில் ஈத்தியர், வலது பக்கம் கெம்ப். இரண்டு வருஷமாக ரசிகர்கள் காகிதத்தில் எழுதி எழுதி அழித்த கேள்விக்கு, வாழ்வா சாவா ஆட்டத்தில் மேனேஜர் எழுதிய விடை இது.

விடை சரியா? ஈத்தியர் ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸில் அசந்து நின்ற நேரத்தில், கேட்சர் யாடியர் மோலினா எறிந்த பந்தில் அவுட் ஆனார். 'பார்த்தீர்களா!' என்றது புயீக் கட்சி. ஆனால் ஆட்டம் போனது அதனால் மட்டுமா? டாட்ஜர்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது, ஏழாவது இன்னிங்ஸில் க்ளேட்டன் கெர்ஷாவின் பந்தை மேட் ஆடம்ஸ் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர் கெர்ஷா. 3-2. கதை முடிந்தது. அந்தப் பந்து போன உயரத்துக்கு அவுட்ஃபீல்டில் எந்த நாலு பேர் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. ஒன்பதாவது இன்னிங்ஸில் புயீக் களத்துக்கு வந்தார், இன்னொருவருக்குப் பதிலாக ஓட மட்டும். ரன் வரவில்லை.

அந்த அக்டோபரில் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் என்ற புது நிர்வாகி பொறுப்புக்கு வந்தார். யாரை அனுப்பப் போகிறார்? ரசிகர்களில் பலரும் சொன்ன பெயர் ஈத்தியர் அல்லது க்ராஃபோர்ட். போதாக்குறைக்கு கீழ்மட்ட லீக்கில் ஜாக் பீடர்சன் என்ற பையன் 2014-ல் 33 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். நாலு பேர் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள்!

டிசம்பர் 18-ல் போனவர் கெம்ப். 3.2 கோடி டாலரைக் கூடவே கொடுத்து சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் கேட்சர் யாஸ்மனி க்ராண்டல்.

இங்கேதான் ரசிகர்களின் மொத்த விவாதத்திலும் இருந்த ஓட்டை தெரிந்தது. அவர்கள் எல்லோரும் 'யார் நமக்கு வேண்டாம்?' என்று கேட்டார்கள். சந்தை கேட்கிற கேள்வி வேறு. 'யாரை மற்றவர்கள் கேட்பார்கள்?' அதிகச் சம்பளம், குறைந்த ஆட்டம் என்று இருப்பவரை வாங்க ஆள் வரமாட்டார்கள். இரண்டாம் பாதியில் 17 ஹோம் ரன் அடித்தவரை வாங்க வருவார்கள். மோசமாக ஆடியிருந்தால் கெம்ப் ஒருவேளை லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இருந்திருப்பார். நன்றாக ஆடியதால் போனார். நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனிதன் செய்த உழைப்பே அவனை வெளியே அனுப்பியது. விளையாட்டில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்களா?

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? க்ராஃபோர்டை 2016 ஜூனில் அணி விடுவித்தது. தரவேண்டிய சுமார் 3.5 கோடி டாலரைத் தந்துவிட்டு, 'ஆட வேண்டாம்' என்றது. ஒப்பந்தம் பணத்தைக் காப்பாற்றும், இடத்தைக் காப்பாற்றாது. ஈத்தியர் 2015-ல் .294 அடித்து வாயடைத்தார். அடுத்த வருஷம் பயிற்சி ஆட்டத்தில் தான் அடித்த பந்தே காலில் பட்டு எலும்பு முறிவு. 2017 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 5-1 என்று தோற்றது. அந்த ஒரே ஒரு ரன்னை அடித்துக் கொடுத்தவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஈத்தியர். அதுவே அவருடைய கடைசி ஹிட்.

கெம்ப்? 2017 டிசம்பரில் சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட நடந்த ஒரு பரிமாற்றத்தில் மறுபடி டாட்ஜர்ஸுக்கே வந்தார். ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள் என்றார்கள். மனிதர் 2018 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க வரிசையில் நின்றார்! அந்த வருஷம் 21 ஹோம் ரன். டிசம்பர் 21-ல் அவரை மறுபடி அனுப்பினார்கள், சின்சினாட்டிக்கு. அதே பரிமாற்றத்தில் கூடவே போன இன்னொருவர் யாரென்று நினைக்கிறீர்கள்? யாசியெல் புயீக். 'அவரா இவரா' என்று ஊரே அடித்துக்கொண்ட இருவரும் ஒரே நாளில், ஒரே அணிக்கு.

2022-ல் நேஷனல் லீக்குக்கும் டி.ஹெச். நிரந்தரமாக வந்துவிட்டது. அந்த நாலாவது நாற்காலி ஒருவழியாகப் போடப்பட்டது. கெம்ப், ஈத்தியர், க்ராஃபோர்ட், புயீக் நாலு பேரில் ஒருவர்கூட அப்போது அந்த லீக்கில் இல்லை.

ஆக, அந்த இரண்டு வருஷச் சண்டை வீணா? அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பழைய சாதனைக்கு எத்தனை நாள் மரியாதை, விசுவாசத்துக்கு என்ன விலை, புதிதாக வந்தவன் எவ்வளவு நேரம் வாசலில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் வீட்டிலோ வேலை இடத்திலோ யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை. விளையாட்டில் பேசிவிடலாம். தோற்றால் அடுத்த வருஷம் இருக்கிறது.

சரி, அக்டோபர் 7 அன்று மேட்டிங்லியின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் யாரை உட்கார வைத்திருப்பீர்கள்? பெயரைச் சொல்வது சுலபம். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றால்?